அத்தை தறியில் உட்காராத நாட்கள்

பிள்ளையார்பாளையத்தில் தனபாக்கியம் அம்மாளைத் தெரியாதவர்கள் இல்லை. உங்களுக்கெல்லாம் தெரு முனைவரை கேட்கும் அந்தக் கணீர்க் குரல் நினைவிருக்கும். எனக்கு அவர் மாமியார்; சட்டப்படி சொன்னால் முன்னாள் மாமியார். போன செவ்வாய் காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் மகன் சரவணன் போன் செய்தார். விவாகரத்துக்குப் பிறகு மகள் விஷயமாக மட்டுமே அழைப்பவர், "அம்மா போயிட்டாங்க" என்று சொல்லி அழுதார்.

சரவணன் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். முடிவு மட்டும் எடுப்பார். நான் தாய் வீட்டுக்கு எப்போது போவேன், மகளுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். வாலாஜாபாத்தில் எனக்குக் கிடைத்த ஆசிரியை வேலையை என்னைக் கேட்காமலே வேண்டாமென்று சொல்லிவிட்டார். அன்று பெட்டியைக் கட்டினேன்.

உறவுக்காரப் பெரியவர்கள் கூடினார்கள். "அனுசரிச்சுப் போம்மா, ஆம்பளன்னா அப்படித்தான்" என்றார் ஒருவர். அத்தை தன் மகனைப் பார்த்தார்.

"டேய், இவ சொல்லி இந்த வூட்ல நடந்தது ஒண்ணு சொல்லுடா."

சரவணன் யோசித்தார். பாவம், உண்மையாகவே யோசித்தார்.

"ஒண்ணுகூட இல்லன்னா, அவ எதுக்கு இங்க குந்திக்கினு இருக்கணும்?"

பெரியவர்கள் துண்டை உதறி எழுந்தார்கள். சரவணன் மட்டும், நான் கேட்ட விவாகரத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். அதையும் அவரே முடிவு செய்தார்.

சரவணன் பட்டு நெய்பவர். உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும்: தறியில் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓட்டும் நாடாவை எறிய ஒருவர். மகனுக்கு எப்போதும் எறிந்தவர் அத்தைதான். மறுநாள் அவர் உட்காரவில்லை.

"கல்யாணப் புடவைமா, பாதியில நிக்குது!"

"ஒத்த ஆளா நெய்யி. எல்லாத்தையும் ஒத்த ஆளாத்தானே பண்ற?"

கரை நாடாவையும் தானே எறிய, தறிக்குழியில் இறங்குவதும் ஏறுவதுமாகச் சரவணன் தனியே நெய்து பார்த்தார். ஒரு வாரத்தில் ஒரு முழம்கூட நகரவில்லை. அதன் பிறகுதான் சம்மதித்தார்.

கோர்ட் வாசலில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் எனக்குன்னு எதுவும் கேக்காமலே காலத்த ஓட்டிட்டேன். நீ கேட்டுட்டமா." பெற்ற மகனை எதிர்த்து எனக்காக நின்ற அந்த மனுஷியை நினைத்து இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

இன்று மகளிடம் எதையும் முடிவாகச் சொல்லும் முன், "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்கிறேன். அத்தை எனக்கு விட்டுச் சென்றது அந்தக் கேள்விதான். மகனுக்கும் கொஞ்சம் விட்டுச் சென்றிருக்கிறார். அன்று காலை போனில் அழுது ஓய்ந்ததும் சரவணன் கேட்டார்: "அம்மாவுக்கு எந்தப் புடவை கட்டலாம்? நீ சொல்லு."

"பட்டு வேணாம். அவங்களுக்குப் புடிச்ச மஞ்சள் சுங்குடி கட்டுங்க" என்றேன்.

போய்ப் பார்த்தேன். சுங்குடிதான் கட்டியிருந்தார்கள்.