ஆபீசரம்மாவின் கடைசிக் கேள்வி

எதிரே இருக்கும் பிள்ளை வாயைத் திறந்ததுமே ஆபீசரம்மா கணினியைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். திரை அணைந்தே கிடக்கும். அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பாதி வாக்கியத்தில் தடுமாறினால், தலையை நிமிர்த்தாமலே, "ம்... அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' காதில் விழுந்தால் பெற்ற அப்பன் பெயரே மறந்துபோகும்.

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு மாணவர்களை அனுப்பும் எங்கள் அலுவலகத்தில், விசா அதிகாரியாக நடிப்பதுதான் அவருடைய வேலை. நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளை மிரட்டி, குடைந்து, தேற்றி அனுப்ப வேண்டும். அவர் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பக்கத்து மேசையில் விண்ணப்பம் தட்டச்சு செய்யும் எனக்கே கேள்விகள் எல்லாம் மனப்பாடம். ஏன் இந்தப் படிப்பு, ஏன் அந்தக் கல்லூரி, செலவு யார் செய்கிறார்கள். கடைசியாக, படித்து முடித்ததும் திரும்பி வருவாயா.

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "குடும்பம் இங்கதான இருக்கு, கண்டிப்பா வந்துடுவேன்." ஆபீசரம்மா கண்ணைக் கசக்கிக்கொள்வார். "கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதப்பா. எனக்கே கொட்டாவி வருது, அந்த ஆபீசருக்கு வராதா? நம்புற மாதிரி சொல்லு."

இந்தப் புத்தி வீடு வரை போய்விட்டது. குழாய் பழுதுபார்ப்பவர் நாளைக்கு வந்துவிடுகிறேன் என்றால், "வருவீங்கன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாராம். மாலையில் தொண்டை கட்டிப்போய், காலியான நாற்காலி ஒன்றின் மேல் காலை நீட்டிக்கொண்டு பெருமூச்சு விடுவார். "வந்துடுவேன், வந்துடுவேன்னு கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு சார். போனவங்க யாரு வந்தாங்க?"

கணவர் இல்லை, ஒரே மகள். அவளுக்கு ஒருமுறை விசா மறுத்துவிட்டார்கள். படித்துவிட்டுத் திரும்புவாள் என்று அதிகாரி நம்பவில்லை. இரண்டாவது முறையும் மறுத்தால் கல்லூரி இடமும் கைவிட்டுப் போய்விடும். ஊரார் பிள்ளைகளைத் தயார்செய்கிறவரால் சொந்த மகளைத் தயார்செய்ய முடியவில்லை. வீட்டில் ஒத்திகைக்கு உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறதாம். நேர்காணலுக்கு முந்தின நாள், எல்லோரும் கிளம்பிய பிறகு, மகளை அலுவலகத்துக்கே கூட்டி வந்துவிட்டார்.

"நீங்களும் கொஞ்சம் இருங்க சார். மூணாவது ஆள் இருந்தா சிரிக்க மாட்டோம்."

நானும் இருந்தேன். மகள் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி வந்தது.

"அம்மா தனியா இருக்காங்க. வந்துடுவேன்." பார்வை மேசை மேல் இருந்தது.

"மறுபடி."

"நீ தனியா இருக்கேல்லம்மா, அதனால..."

"யாரு அம்மா? நான் ஆபீசர். மறுபடி சொல்லு."

மகள் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "அம்மாவுக்கு என்னை விட்டா யாருமில்ல. படிப்பு முடிஞ்சதும் வந்துடுவேன்." குரல் நடுங்கவில்லை. எந்த அதிகாரியும் நம்புவார். அது மனசா, நன்றாக ஒத்திகை பார்த்த பாடமா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அதையே பிரித்துப் பார்த்த ஆபீசரம்மாவுக்கும் தெரியவில்லை. முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப சரியா இருக்காம்மா?" என்றாள் மகள்.

ஆபீசரம்மா அவளைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே ஆளில்லாமல் கிடந்த நாற்காலி வரிசையைப் பார்த்து, "அடுத்த ஆள் வாங்க" என்று குரல் கொடுத்தார்.