மச்சாளின் பச்சைத் தொட்டி

அந்தச் சீமெந்துத் தொட்டியை எவ்வளவு வெள்ளையாகத் தேய்த்து வைத்தேன் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசும். கலியாணம் முடிந்து அக்கராயனிலிருந்து நாயாற்றுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. தொட்டியில் பாசி பிடித்திருந்தால் அந்த வீட்டில் சோம்பேறி இருக்கிறாள் என்பார்கள் எங்கள் பக்கத்தில். என் கணவரின் அக்கா, என் மச்சாள், அன்று மகளுடன் கிளினிக்குக்குப் போயிருந்தார். நல்ல பெயர் எடுக்கும் ஆசையில் பச்சையாகக் கிடந்த தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, தேங்காய்ப் பொச்சும் சவர்க்காரத் தூளுமாக உரஞ்சித் தள்ளினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

திரும்பி வந்த மச்சாள் தொட்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக் குந்திவிட்டார். “மாதாவே, என்ர பிள்ளையின்ர சாப்பாட்டையெல்லே ஊத்திப்போட்டாய்.”

அவருடைய மகளுக்கு நாலு வயது. மீன் வாயில் பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும், முட்டையும் அப்படித்தான். “கடலுக்குப் போறவன்ர பிள்ளைக்கு மீன் ஆகாதாம், ஆரிட்டைச் சொல்லி அழ” என்பார் மச்சாள். காய்ந்த சுருள்பாசியில், அதாவது ஸ்பைருலினாவில், பாதிக்கு மேல் புரதம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டு, அங்கிருந்து ஒரு போத்தல் பாசி வாங்கி வந்து, உப்பும் அப்பச்சோடாவும் கரைத்த தண்ணீரில் மாதக்கணக்காகப் பெருக்கியிருக்கிறார். துணியில் வடித்துக் கழுவி, இடியப்ப உரலில் பிழிந்து பாயில் காயவைத்து, இடித்துப் பிட்டுக்குள் கலந்தால் அந்தப் பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருந்ததாம். வகுப்பு நடத்தியவர்களோ எப்போதோ போய்விட்டார்கள். இனி எங்கே போய் விதைப்பாசி கேட்பது?

நான் அழுதுகொண்டு நின்றேன். மச்சாள் திடீரென்று எழும்பிக் குசினிக்குள் ஓடினார். காலையில் பாசி வடித்த துணி, கழுவப்படாமல், ஈரத்தோடு வாளிக்குள் கிடந்தது. “நல்லகாலம், இதையாவது தோய்க்காமல் விட்டாய்” என்றார். அதே உப்பும் சோடாவும் கரைத்த தண்ணீரில் அதை அலசி, ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி யன்னலோரம் வைத்தோம். மணிக்கொரு தரம் நான் போய்க் குலுக்கினேன். “என்ர மனுசி போத்தலைக் கலியாணம் கட்டியிருக்கலாம்” என்று என் கணவர் நக்கலடித்தார். ஒன்பதாம் நாள் காலை தண்ணீரில் மெல்லிய பச்சை ஏறியிருந்தது! அரிசி கழுவிய கையோடு ஓடிப்போய் மச்சாளைக் கட்டிப்பிடித்தேன். அப்படியொரு சந்தோசத்தை என் கலியாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை.

போத்தல் வாளியாகி, வாளி மறுபடி தொட்டியாகியது. ஆனால் மச்சாள் என்னைத் தொட்டிப் பக்கம் தனியாக விடுவதில்லை.

இன்று அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள். அந்தத் தொட்டி மறுபடி பச்சையாகிச் சில மாதங்கள் கழித்து, மச்சாளும் பிள்ளையும் நானுமாகக் கிளினிக்குக்குப் போனோம். மருத்துவமாது பிள்ளையின் நிறை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார். அதுவரை படுத்துக் கிடந்த கோடு மேலே ஏறியது. “என்ன குடுக்கிறீங்கள்?” என்று மச்சாளைக் கேட்டார்.

மச்சாள் என் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார். “இவாவைக் கேளுங்கோ மிஸ். என்ர தம்பியின்ர மனுசி. இனித் தொட்டி இவாவின்ர பொறுப்பு.”