எலும்பில்லாத படலம்

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற சாலையோரத்தில் நாகபூஷணம் வைத்திருந்த கடையில் ஒரே ஒரு சரக்குதான் உண்டு: வெளிச்சப் பெட்டி. சாண் உயரத் தகரப் பெட்டி, உள்ளே சின்ன பல்பு, முன்பக்கம் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த பெருமாள் படம். சுவிட்சைத் தட்டினால் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகச் சாமி உள்ளிருந்து ஒளிர்வார். மலையிறங்கி வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பாதிப் பேர் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள்.

1975-இல் ஒருநாள் அந்தக் கடை முன்னால் நின்ற தபீதாள் பெட்டி வாங்க வந்தவள் அல்ல. கூட வேலை பார்த்த பெங்களூர்க்காரப் பெண்ணுக்குத் துணையாக வந்தவள். சித்தூர் மிஷன் சபைக் குடும்பம் அவளுடையது. அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா இயேசுதாசன் பள்ளிக்கூட வாத்தியார். வேதியியல் படித்துவிட்டு, திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் அந்தத் தாள் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. தண்ணீர் மை பிளாஸ்டிக்கில் நிற்காது, முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். இந்தத் தாள் மட்டும் எப்படி மையைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது?

படம் இல்லாத ஓரத்தை ஈரக் கைக்குட்டையால் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது.

“இது எக்ஸ்ரே பிலிம்தானே அண்ணா?”

“ஆமா. நாள் தவறிப்போன பிலிம். போட்டோ கழுவுற ஹைப்போ தண்ணியில கழுவினா கண்ணாடி மாதிரி வந்துடும்,” என்றார் நாகபூஷணம் பெருமையாக. புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாற்பதைத் தாண்டியவர்.

“அப்போ மையைக் குடிக்கிறது மேல இருக்கிற ஜெலட்டின். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிறாங்களே, அது.”

வகுப்பில் சொல்வதுபோல்தான் சொன்னாள். நாகபூஷணத்தின் முகம் வெளுத்தது. முதலில் அவர் அவளைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் பூக்கடையைப் பார்த்தார், வலப்பக்கம் மொட்டையடித்துக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்தார். யார் காதிலாவது விழுந்ததா என்று தேடினார். பிறகுதான் அவளை, அவள் கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையை, நிதானமாகப் பார்த்தார்.

மறுவாரம் கடை பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த வாரம் அவரே கல்லூரி வாசலில் வந்து நின்றார்.

“உங்களை யாரு அனுப்பினாங்க டீச்சரம்மா?”

“யாரும் அனுப்பலை. தெரிஞ்சதைச் சொன்னேன்.”

“வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லை.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இருந்த தாளையெல்லாம் அழித்துவிட்டதாகவும், சாமி படத்தை எலும்புப் பசையில் அச்சடித்தோமென்று தெரிந்த நாளிலிருந்து மனைவி கமலம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னார். “எலும்பு இல்லாத ஒண்ணு செஞ்சு குடுங்க. வாயைத் திறந்தது நீங்கதானே,” என்றார். அது கேட்டுக்கொள்வது மாதிரி இல்லை, கடன் வசூலிப்பது மாதிரி இருந்தது. தபீதாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே அவள் மனசு எந்தப் பொருள் மையைக் குடிக்கும் என்று ஓட ஆரம்பித்திருந்தது.

ரேணிகுண்டா ரயில்வேயில் வேலை பார்த்த கணவன் தனராஜ் கேட்டான்: “அவங்க சாமிப் பட யாவாரத்துல உனக்கு இன்னா வேலை? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உன்னைத்தான் கை காட்டுவாங்க.” அவன் சொன்னது அவளுக்குள்ளே தங்கிவிட்டது.

நாகபூஷணத்தின் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. சனிக்கிழமைகளில் அவள் அங்கே போனாள். வெறும் பிளாஸ்டிக் தாளில் அரிசிக் கஞ்சி தடவிப் பார்த்தாள். காய்ந்ததும் ஏரி மண்போல் வெடித்தது. கருவேலம் பிசின் மஞ்சளடித்தது. கடைசியில் வழி நாகபூஷணத்தின் சொந்தக்காரர்கள் மூலமாகவே வந்தது. நகரியில் பவர்லூம் வைத்திருந்த அவர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போட ஒரு வெள்ளைப் பவுடர் வாங்குவார்கள். பாலிவினைல் ஆல்கஹால் என்று பெயர். வெந்நீரில் கரையும்; காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிந்த படலமாகும்; தண்ணீர் பட்டால் உப்பும். உப்புகிற படலம் மையையும் உள்ளே இழுக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். இழுத்தது. ஆனால் தாளைப் பிடிக்காமல் வெங்காயச் சருகுபோல் உரிந்து வந்தது. தாளை முதலில் சூடான காஸ்டிக் சோடாவில் முக்கி எடுத்து, அதன் வழவழப்பைக் கொஞ்சம் கெடுத்த பிறகு தடவினாள். அப்புறம் நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. முதல் படம் அடித்த அன்று மை தாளில் விழுந்த கணமே உள்ளே இறங்கியது. விரல் வைத்தால் விரலில் ஒட்டவில்லை. கமலம்மா அந்தத் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மிச்சமிருந்தது ஈரக் காற்று. ஐப்பசியில் அடுக்கி வைத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதற்கும் தபீதாள் மருந்து கண்டுபிடித்தாள். வெண்காரம், பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்துகிற அதே வெண்காரம்தான். கரைசலில் துளி சேர்த்தால் படலம் இறுகிப் பிசுபிசுப்பு போய்விடும். அளவு கூடினால் படலம் கல்லாகி மையை உள்ளே விடாது. அந்த அளவைப் பிடிக்க அவளுக்கு ஒரு கோடைகாலம் பிடித்தது.

இதை அவள் நாகபூஷணத்திடம் சொல்லவில்லை. முன்பு கல்லூரி ஆய்வகத்தில் சாய வேலையில் அவள் கண்டுபிடித்த ஒரு முறை மேலதிகாரி ஒருவர் பெயரில் கட்டுரையாக வெளிவந்தது. அன்றிலிருந்து தெரிந்ததை முழுக்க ஒருவர் கையில் கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிட்டாள். லாபத்தில் பங்கு என்று நாகபூஷணம் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குதானே. வெண்கார நீரை வீட்டிலேயே கலந்து, வெள்ளை கேனில் ஊற்றி எடுத்து வருவாள். “கொஞ்சம் வெளியில இருங்கண்ணா,” என்று சொல்லிவிட்டு அண்டாவில் ஊற்றுவாள்.

“அந்தக் கேன்ல இன்னா கீது டீச்சரம்மா?” என்று ஒருநாள் கமலம்மா கேட்டாள்.

“மருந்து.”

“இன்னா மருந்து?”

“தாள் ஒட்டாம இருக்கிற மருந்து.”

கமலம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் எதுவோ இடறியது. அன்றிலிருந்து தபீதாள் கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் தெலுங்கில் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவளுக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே அவளைக் கண்டதும் பேச்சு உப்பு, புளி, விலைவாசி என்று திரும்பிவிடும்.

பிறகு குப்பைக் கூடையில் அவள் ஒன்றைப் பார்த்தாள். படலம் தடவிய தாள்கள், மூலையில் தீ வைத்து அணைத்தவை. ஒன்றிரண்டு அல்ல, ஒவ்வொரு வாரமும் கிடந்தன. யாரோ எதையோ சோதிக்கிறார்கள்.

அதே மாதம் மெட்ராஸிலிருந்து துலுக்காணம் வந்தான். கமலம்மாவுக்கு உறவு, ஒரு மில்லின் சாயப் பிரிவில் கெமிஸ்ட் என்று அறிமுகப்படுத்தினார்கள். பேன்ட் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. தபீதாளிடம் மரியாதையாகப் பேசினான். ஆனால் அவன் கிளம்பும்போது கையிலிருந்த செய்தித்தாள் சுருளுக்குள் ஒரு தாளின் பளபளப்பு தெரிந்தது. அவள் பார்த்தது நாகபூஷணத்துக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தனராஜிடம் சொன்னாள். “வித்துட்டாரு. நம்ப வேலையை மெட்ராஸ்ல வித்துக்கினு இருக்காரு.”

“அப்போ நீ போறதை நிறுத்திடு.”

நிறுத்த மனசில்லை. நிறுத்தினால் அவள் இல்லாமலே நடக்கும் என்று நிரூபித்தது மாதிரி ஆகிவிடும்.

அந்த வருஷ மழை கடுமை. வெண்காரம் சேர்த்தும் ஒரு கட்டுத் தாள் ஒட்டிக்கொண்டது. ஈரம் அதிகம், வேறொன்றுமில்லை. ஆனால் நாகபூஷணம் அந்தக் கட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, “மருந்தைக் கொறைச்சிட்டீங்களா?” என்று கேட்ட தொனி அவளுக்குப் பிடிக்கவில்லை. “நான் எதுக்குக் கொறைக்கணும்?” என்றாள்.

அதன் பிறகு வந்த கோளாறு வேறு மாதிரி. சில நாள் தாள் மையை உள்ளே விடவே இல்லை. பெருமாளின் பீதாம்பரத்து மஞ்சள் ஓடி மார்புச் சிவப்பில் கலந்தது. சில நாள் ஒழுங்காக இருந்தது. அண்டாவைக் கிளறினால் கரைசல் பாகுபோல் கம்பி இழுத்தது. நாகபூஷணம் மட்டமான பவுடரை வாங்கிப் போடுகிறார், நல்லது மெட்ராஸுக்குப் போகிறது என்று அவள் முடிவு கட்டினாள். அவர் என்ன முடிவு கட்டியிருந்தார் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம், கல்லூரியில் தேர்வு முடிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகைக்குப் போனாள். நாகபூஷணம் கடையில் இருந்தார். அண்டாவில் சனிக்கிழமைக்கென்று காய்ச்சிய கரைசல் ஆறிக்கொண்டிருந்தது. அவளுடைய கேன் இன்னும் வராத கரைசல். துடுப்பைத் தூக்கினாள். கம்பி இழுத்தது. கொஞ்சத்தைக் காலி மைப்புட்டியில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பினாள். காய்ச்சி வற்றவைத்து, அமிலமும் ஸ்பிரிட்டும் விட்டுக் கொளுத்தினாள். சுடர் பச்சையாக எரிந்தது. வெண்காரம் இல்லாமல் அந்தப் பச்சை வராது.

ரகசியம் அவர் கையில் இருக்கிறது. வந்தது கோபமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

நேரே கொட்டகைக்குப் போனாள். நாகபூஷணமும் கமலம்மாவும் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“கரைசல்ல வெண்காரம் போட்டது யாரு?”

கமலம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் மறைக்கவில்லை. “நான்தான்.”

“எப்போத்திலேர்ந்து?”

“தாள் ஒட்டிக்கிச்சே, அந்த மழையிலேர்ந்து. நான் இல்லாம நடத்துடா பாக்கலாம்னு நீங்க கொறைச்சிட்டீங்கன்னு நெனச்சேன். அதான் நீங்க வரதுக்கு முன்னாலயே கொஞ்சம் போட ஆரம்பிச்சேன்.”

“நானும் போட்டுக்கினுதான் இருந்தேன்.”

அவர் நிமிர்ந்தார். இரண்டு பேரும் அண்டாவைப் பார்த்தார்கள். அவர் போட்ட நாளில் அவளும் போட்டிருக்கிறாள். அதுதான் கல்லாகி, மையை விரட்டியிருக்கிறது. அவர் ஊருக்குப் போயிருந்த நாள்களில் மட்டும் சரியாக வந்திருக்கிறது.

“வெண்காரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? துலுக்காணம் சொன்னானா?”

“சொன்னான்.”

“எவ்வளவுக்கு வித்தீங்க?”

நாகபூஷணத்தின் முகம் மாறியது. பதில் சொன்னவள் கமலம்மா.

“விக்கலை டீச்சரம்மா. நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கேன்ல எலும்பு கீதா, இல்லையா. நீங்க எங்களை வெளியில போகச் சொல்லி ஊத்தறீங்க. மருந்துன்றீங்க. எங்களுக்கு இன்னா தோணும்? தாளைக் கொளுத்திக் கொளுத்தி மோந்து பாத்தோம், மயிர் தீயற வாசனை வருதான்னு. வரலை. அப்பவும் மனசு கேக்கலை. அதான் அவன்கிட்ட குடுத்தோம்.”

அந்தக் கருகிய மூலைகள் எல்லாம் இதற்காகவா? தான் அவர்களைத் திருடர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த மாதங்களில், சாமி படத்துக்கு அடியில் மறுபடியும் எலும்பை வைக்கக்கூடியவள் என்று அவர்கள் தன்னை நினைத்திருக்கிறார்கள். தான் நினைத்ததைவிட அவர்கள் நினைத்ததுதான் அதிகம் சுட்டது.

“சிலுவை போட்டிருக்கேன்னுதானே?”

நாகபூஷணம் இல்லை என்று சொல்லவில்லை. “அதுவும்தான்,” என்றார். “நீங்க மறைச்சதும்தான்.”

பொய் சொல்லாமல் விட்டாரே என்று அவளுக்கு ஒரு ஆறுதல். அன்றைக்கே அவர்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அளவைச் சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். அடுத்த வாரம் தாள் ஒழுங்காக வந்தது. சரக்கு நன்றாகவே ஓடியது. பேனாவால் எழுதுகிற கண்ணாடித் தாள் வேண்டுமென்று கல்லூரிகளிலிருந்துகூடக் கேட்டார்கள். சுவரில் பாடத்தைப் பெரிதாகக் காட்டும் கருவிக்கு அது தேவைப்பட்டது. அதற்காக அவள் படலத்தை இன்னும் மெல்லியதாக்கினாள். மை ஊறும் வேகமும் கூடியது.

ஆனால் 1979-இல் மெட்ராஸில் ஒரு கம்பெனி இதேபோல் தாள் விற்க ஆரம்பித்தது. தபீதாள் ஒன்றை வாங்கி வந்து சோதித்தாள். அதே பவுடர், அதே வெண்காரம். நாகபூஷணம் அன்றே ரயிலேறிப் போய்த் துலுக்காணத்தைக் கேட்டுவிட்டு வந்தார்.

“அவன் இல்லைன்றான். ரெண்டும் கடையில கிடைக்கிற சாமான், யாருக்கு வேணா தோணும்ன்றான்.”

“நீங்க நம்பறீங்களா?”

“அவன் என் கண்ணைப் பாத்துப் பேசலை.”

அதற்கு மேல் யாராலும் எதையும் நிரூபிக்க முடியவில்லை. ஒருவேளை துலுக்காணம் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். அவளுக்கு அது கடைசிவரை தெரியவில்லை.

சித்தூரில் ஒரு வக்கீல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். காஸ்டிக்கில் முக்குகிற வேலையும், மெல்லிய படலத்தின் அளவும் இன்னும் வேறு யாரும் செய்யாதவை. ஆனால் உரிமை வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும், அது எல்லோரும் படிக்கும்படி அச்சாகும் என்றார். தபீதாள் ஒரு மாதம் தள்ளிப்போட்டாள். பிறகு எழுதினாள். கண்டுபிடித்தவள் என்ற இடத்தில் அவள் பெயர். உரிமை இருவருக்கும் சரிபாதி.

தாள்களைக் கொண்டுபோய் நாகபூஷணத்திடம் கொடுத்தாள். எல்லாம் இங்கிலீஷ். அவருக்குப் படிக்க வராது. புரட்டிப் பார்த்தார், மூக்கைச் சொறிந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சரம்மா. இதை நம்ப போஸ்ட் மாஸ்டர்கிட்ட குடுத்துப் படிச்சுக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து போடறேன்.”

“படிக்கச் சொல்லுங்கண்ணா. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.”

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தபால் ஆபீஸ் பக்கம் நடக்க, அவள் அண்டாவுக்கு அடியில் அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீர் கொதிக்கக் காத்திருந்தாள்.