அல்சீட் தலையைச் சொறிந்த ஞாயிற்றுக்கிழமை

ஜாஸ் இசைக்குப் பேர்போன திரெமே பேட்டையில், அல்சீட் துப்ளேசியின் சலூனில் முடி வெட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் ஒரு ஜாஸ் பாட்டாவது அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எழுந்து போவது?

“பாட்டுல வர்ற இந்தக் கார்டை, இந்தச் சுரக்கூட்டைக் கவனி,” என்பான். “நாலு சுரம் ஒண்ணா நின்னு வீட்டுக்குப் போறேன்னு சொல்லுது. ஆனா போகல. பக்கத்து வீட்ல நுழையுது. அங்க நீ எந்தச் சுரத்தை வாசிப்பே?”

“அது எங்க வேணா நுழையட்டும். கத்தி என் காதுல நுழையாம பாத்துக்கப்பா,” என்பார் இறால் கடைக்காரர்.

அவனிடம் சாக்ஸபோன் இருந்தது. வாசிக்கத்தான் நேரமில்லை, ஆராயவே பொழுது சரியாக இருந்தது. ஆனாலும் பியானோக்காரி ஒடீலின் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் காலியாகக் கிடந்த சாக்ஸபோன் நாற்காலிமேல் அவனுக்கு உயிர். நான் அந்தக் குழுவின் டிரம்ஸ்காரன். என் சிபாரிசில் ஒருநாள் அவனை மேடையேற்றினாள்.

ஒடீலுக்கு சாக்ஸபோன்காரர்களைக் கண்டாலே ஆகாது. “தனியா வாசிக்க விட்டா அங்கயே குடித்தனம் நடத்துறானுங்க,” என்பாள்.

மனதில் தோன்றியபடி தனியாக வாசிப்பவன் போதும் என்று நினைத்தால் தலையைத் தொட்டுக் காட்டுவான். உடனே எல்லோரும் பாட்டின் மெட்டுக்குத் திரும்பிவிடுவோம். இது எங்கள் வழக்கம்.

அல்சீட் நன்றாகவே தொடங்கினான். அந்தப் பக்கத்து வீட்டுக் கார்ட் வந்தது. அதற்காக அவன் ஆராய்ந்து வைத்திருந்த வழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். எதை எடுப்பது என்று தெரியாமல், சலூனில் செய்வதுபோலவே, ஒரு கையால் தலையைச் சொறிந்தான்.

மொத்தக் குழுவும் மெட்டுக்குப் பாய்ந்தது.

திருதிருவென்று விழித்தவன் வேறு வழியில்லாமல் எங்களோடு மெட்டை வாசித்து முடித்தான். முகம் செத்துப்போயிருந்தது.

ஒடீல் பியானோவிலிருந்து திரும்பினாள். “இத்தனை வருஷத்துல, போதும்னு தெரிஞ்ச முதல் சாக்ஸபோன்காரன் நீதாம்ப்பா. நாற்காலி உனக்குத்தான். எப்படி அவ்வளவு கச்சிதமா நிறுத்துனே?”

அதை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. விளக்கம் கேட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது.

“அது வந்து ஒடீல், அந்தக் கார்ட் இருக்கு பாரு, உண்மையில நான் அங்க...”

டிரம்ஸின் பெரிய சிம்பல் தட்டை ஓங்கி அடித்தேன். அந்த ஓசை அடங்குவதற்குள் அடுத்த பாட்டையும் ஆரம்பித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியான இடத்தில் நான் அடித்ததில்லை.

நாற்காலி இன்றும் அவனுடையதுதான். அன்று என்ன நடந்தது என்பதை இப்போது சலூனில் விளக்கிக்கொண்டிருக்கிறானாம். நான் முடி வெட்ட வேறு இடம் போகிறேன்.