மாலை மாறிய மந்திரி

பிள்ளைகளா, நாம் கனடாவுக்கு வந்ததில் ஒரு மந்திரிக்கும் பங்கு உண்டு.

அப்போது நான் அபுதாபியில், முசஃபா தொழிற்பேட்டையில் வெல்டர். நீங்கள் அம்மாவோடு ஊரில் இருந்தீர்கள். குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள எனக்கு விசா கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே ஒரு பட்டறையில் கனடாவின் ஒரு மாகாணத்தில் வேலைக்கு வெல்டிங் டெஸ்ட் வைத்தார்கள். தேறினால் குடும்பத்தோடு போகலாம். அந்த மாகாணத்து மந்திரியே பார்க்க வருகிறார் என்றார்கள்.

"மாலை இல்லாம எந்த மந்திரிண்ணே வந்திருக்காரு?" என்று என் ரூம்காரத் தம்பி துபாய் போய் ரோஜா மாலை வாங்கிவந்தான்.

ஒரே ஒரு கார் வந்தது. கோட்டு போட்ட நெட்டையான ஒருவர் இறங்கினார். தம்பி ஓடிப்போய் மாலையைப் போட்டான். அவர் பதறிப்போய்ப் பின்னால் கையைக் காட்டினார். அதே காரிலிருந்து முன்பே இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டு, குண்டாக ஒருவர் வெல்டிங் மெஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மந்திரி!

"போச்சுண்ணே, கனடா போச்சு!"

"எனக்கும் சேத்துக் கெடுத்துட்டியேடா!"

மந்திரி விழுந்து விழுந்து சிரித்தார். மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு தன் கதையைச் சொன்னார். டெஸ்டை ஏற்பாடு செய்த மலையாளி ஏஜென்ட் அதைத் தமிழில் சொன்னார். மந்திரியும் டிராக்டர் பட்டறையில் வெல்டராக இருந்தவராம். முதலில் ஊர்ப் பள்ளிக் கமிட்டிக்கு நின்று ஜெயித்தார். பிறகு சட்டசபைக்கு நின்று தோற்றார். அடுத்த திங்கட்கிழமையே பழையபடி பட்டறைக்கே வேலைக்குப் போனார். அடுத்த தேர்தலில் பனியில் வீடு வீடாக நடந்து ஜெயித்தார்.

"அப்ப உங்ககூட எத்தனை கார் வந்துச்சு சார்?" என்றான் தம்பி.

"என் பொண்டாட்டி ஒருத்திதான் வந்தா. அவளும் கால் வலிக்குதுன்னு பாதியில திரும்பிட்டா."

என் முறை வந்தது. மந்திரி முதுகுக்குப் பின்னால் நின்றதால் கை நடுங்கியது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"மந்திரி முதுகுக்குப் பின்னால நின்னா எனக்கும்தான் நடுங்கும்" என்று சொல்லி, எல்லாரையும் டீ குடிக்க வெளியே கூட்டிப்போய்விட்டார். அதற்குப் பிறகு கை நடுக்கம் நின்றது.

பரிசோதகர் நான் வெல்டிங் செய்த தகட்டை வளைத்துப் பார்த்தார். விரிசல் இல்லை. தம்பியும் தேறினான். "யல்லா, போலாம் கனடா!" என்று குதித்தான்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் கேட்டதும் உங்களிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

"அங்க யானை இருக்குமாப்பா?" என்றான், ஊர்க் கோயில் யானைக்கே பயப்படும் சின்னவன்.

"இல்லடா, கரடிதான்."

"சரி, அப்ப வர்றேன்."