செவலையின் வாய்க்கு ஏற்ற கம்பி

மலை மேல் எங்கள் ஊர் ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி விடுகிறவர்களில் பெண் என்று பார்த்தால் என் மகள் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அவளிடம் மூன்று குதிரைகள். இரண்டு வயதானவை, யார் ஏறினாலும் பாதித் தூக்கத்தில் நடந்து, பாதித் தூக்கத்தில் திரும்பி வரும். மூன்றாவது செவலை. நிறத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. பாச்சலூரில் குட்டியாக வாங்கிவந்து மகளே வளர்த்த பெண் குதிரை. நான்கு வயது முடிந்திருந்தது. சேணம் போட்டால் அசையாமல் நிற்கும். மணல் மூட்டையைக் கட்டிவிட்டால் சுமக்கும். ஆனால் கடிவாளத்தைப் பிடித்துத் திருப்பினால் தலையை மேலே வீசும், முன்னங்கால்களைத் தூக்கும். மாசியில் ஒரு நாள் மகளைக் கீழே தள்ளிவிட்டது. முழங்கையில் ஏழு தையல்.

அன்று இரவு சாப்பிடும்போது அவளே சொன்னாள்: "சித்திரை சீசனுக்குள்ள சரியாகலன்னா வித்துருவேன்ப்பா. டூரிஸ்ட் புள்ள ஒண்ணு விழுந்துச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

"சித்திரை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே வித்துரு" என்றேன்.

பழனியில் ஜட்கா வண்டிகளுக்குக் குதிரை பிடித்துக் கொடுப்பவர் ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்திருந்தார். எனக்கு அவர் குரல் பிடித்திருந்தது. மகளுக்குப் பிடிக்கவில்லை. அவள் தோசையைப் பிய்த்தபடி, "வண்டில கட்டுனா அது செத்துப்போயிரும்ப்பா. அது மலையில வளர்ந்தது" என்றாள். சாதாரணமாக மூன்று தோசை சாப்பிடுகிறவள் அன்று ஒன்றோடு எழுந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. குதிரை தலையை ஆட்டினால் வாயில் போடும் கம்பியை மாற்றுவார்கள். அதற்கும் ஆட்டினால் இன்னும் கடுமையான கம்பியாக மாற்றுவார்கள். எல்லாம் பழனியிலிருந்து வாங்கி வருவது, வண்டிக் குதிரைகளுக்காக ஒரே அளவில் அடித்தது. மலையில் நிற்கும் சிறிய குதிரைகளின் வாய்க்கும் அதுதான். அதில் கடைசி ஆயுதம் முள்ளுக் கடிவாளம். உருண்டைக் கம்பியில் பொடிப் பொடியாகக் கூர் நீட்டிக்கொண்டிருக்கும்.

பதினோரு குதிரை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கொட்டகைக்கே அப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். என்னை விட நான்கு வயது இளையவர். கரையில் எல்லாரும் அவர் சொன்னபடிதான் செய்வார்கள்.

"ஏத்தா, நீ இப்பிடிக் கொஞ்சிக்கிட்டே கெடந்தா அது ஒம்மேல ஏறிச் சவாரி போகும். இந்தா, இத மாட்டு. ஒரே நாள்ல கையெடுத்துக் கும்பிடும்."

மகள் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். "அண்ணே, இத ஒரு நிமிசம் ஒங்க வாயில வச்சுக் காட்டுங்க. அப்புறம் மாட்டுறேன்."

"எனக்குத்தான் பல்லே இல்லையேத்தா!"

"பல்லில்லாத எடத்துலதாண்ணே இது உக்காரும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெறும் ஈறாக ஒரு இடைவெளி இருக்கிறது. கடிவாளத்தின் கம்பி அந்த ஈறின் மேலும் நாக்கின் மேலும்தான் படுத்திருக்கும். எலும்புக்கு மேல் மெல்லிய சதை, அவ்வளவுதான்.

அவர் போன பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. "எல்லாரும் கம்பியவே மாத்துறாங்க. வாய யாராவது பாத்தாங்களா?" என்று சொல்லிக்கொண்டே செவலையின் கன்னத்தைத் தடவி, ஓரத்தில் கட்டைவிரலை விட்டு வாயைத் திறந்தாள். "அப்பா, செல்போன் லைட்ட அடிங்க. எட்டவே நிக்காதீங்க, அது ஒங்கள ஒண்ணும் பண்ணாது."

பண்ணும் என்றுதான் நான் நினைத்தேன். இருந்தாலும் போனேன். முப்பத்தோரு வருடம் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன் நான். கண்ணுக்கு எதிரே வரிசையாக ஏதாவது இருந்தால் எண்ணாமல் இருக்க முடியாது. மேல்வரிசையில் வெளிச்சம் எட்டிய வரைக்கும் இடப்பக்கம் கடைவாய்ப் பல் நான்கு. வலப்பக்கம் ஐந்து.

"ஒண்ணு கூட இருக்கும்மா" என்றேன்.

"தப்பா எண்ணியிருப்பீங்க. அது தலைய ஆட்டுச்சுல்ல."

"தலைய ஆட்டுனா பல்லு கூடுமா? திரும்பப் பாரு."

திரும்ப எண்ணினோம். நான்கு, ஐந்து. அந்த ஐந்தாவது, பெரிய பல்லுக்கு முன்னால் தனியாக முளைத்த ஒரு பொடிப் பல். பச்சரிசி பருமன்தான் இருக்கும். அவள் விரல் நுனியால் அதைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், செவலை தலையை மேலே வீசியது. என் செல்போன் சாணத்தில் விழுந்தது.

மகள் அதை எடுக்கவில்லை. என்னையே பார்த்தாள். "அப்பா, வலப்பக்கம் திருப்பும்போதுதான்ப்பா தூக்கும். அன்னைக்கு நான் விழுந்ததும் வலப்பக்கந்தான்."

மறுநாள் வெள்ளனே கால்நடை மருத்துவரை அழைத்து வந்தாள். அவர் மயக்க ஊசி போட்டு, வாய்க்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பல் நிறையக் குதிரைக்கு இருக்கும், தொந்தரவு பண்ணாது. இதுக்குக் கம்பி வந்து இடிக்கிற எடத்துல இருக்கு. ஆட்டாம என்ன செய்யும்?" என்றார். பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். வேர் பல்லை விட நீளமாக இருந்தது. "யாரு கண்டுபுடிச்சது?"

"அப்பா எண்ணுனாங்க சார்" என்றாள் மகள். அந்த வாக்கியத்தை அவள் சொன்ன விதத்தை நான் இன்னும் மனதில் வைத்திருக்கிறேன்.

புண் ஆறும்வரை வாயில் எதுவும் போடக் கூடாது என்றார் மருத்துவர். அந்த நாட்களில் மகள் சும்மா இருக்கவில்லை. செவலையின் வாய்க்குக் குறுக்கே ஒரு நூலை விட்டு, உதட்டின் இரு ஓரத்திலும் முடிச்சுப் போட்டு அளவெடுத்தாள். பழைய கம்பியோடு வைத்துப் பார்த்தோம். கம்பி இரண்டு விரல் அதிகம். அதாவது இத்தனை நாளும் ஒவ்வொரு இழுப்புக்கும் அது வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியிருக்கிறது.

நூல் அளவுக்கு அரை விரல் கூட்டி ஆன்லைனில் இரண்டு கம்பிகள் வரவழைத்தாள். ஏரிக்கரை முழுவதும் செய்தி பரவிவிட்டது. பதினோரு குதிரைக்காரர் வழியில் என்னை நிறுத்தி, "என்னண்ணே, ஒங்க மக குதிரைக்கு ஆன்லைன்ல நகை எடுக்குதாமே? காதுக்கு எப்ப?" என்று கேட்டார்.

"நீங்க மொய் எழுதுற அன்னைக்கு" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு, ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று கவலைப்பட்டேன்.

முதலில் வந்தது நடுவில் ஒரு கீல் வைத்து மடங்குவது. மாட்டியதும் செவலை வாயைப் பிளந்தது, நாக்கை ஓரமாக நீட்டியது. வாரை லேசாக இழுத்தால் கம்பி நடுவில் கூரை போல் எழும்பி மேலண்ணத்தில் முட்டியது. மகள் உடனே கழற்றிவிட்டாள். "பழகிரும்" என்றேன். "பழகும்ப்பா. வலியும் பழகிரும். அது எனக்கு வேணாம்" என்றாள்.

இரண்டாவது கீல் இல்லாதது. வழவழவென்று, என் சுண்டுவிரல் பருமன் இருந்தது. நடுவில் மட்டும் நாக்குக்கு இடம் விட்டு லேசாக வளைந்திருந்தது. அந்த அதிகாலைக் குளிரில் இரும்பைத் தொட்டால் நம் கையே ஒட்டிக்கொள்ளும். மகள் அதை ஸ்வெட்டருக்குள் போட்டு, டீ குடித்து முடிக்கும்வரை வைத்திருந்தாள். பிறகு உள்ளங்கையில் கம்பியையும் ஒரு கேரட் துண்டையும் சேர்த்து நீட்டினாள். செவலை கேரட்டை எடுத்தது, கம்பியும் கூடவே உள்ளே போனது.

நான் கொட்டகை வாசலுக்கு வெளியே நின்று, "தள்ளி நில்லும்மா, கையப் பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் பதினோரு குதிரைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். "வார இழுத்துக் கட்டுத்தா. வாயோரத்துல மூணு மடிப்பு விழணும். சிரிச்ச மொகமா இருக்கணும்."

"அது சிரிக்கலண்ணே, பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கும்." அவள் கன்னத்து வாரின் கொக்கியை ஒரு துளை தளர்த்தினாள். உதட்டோரத்தில் ஒரே ஒரு மடிப்பு நின்றது. செவலை கம்பியை மெல்லச் சப்பியது. தாடை அசைந்தது, உதட்டில் நுரை கட்டியது, தலை தாழ்ந்தது. மகள் வலது வாரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள். செவலை வலப்பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்.

பதினோரு குதிரைக்காரர் கிட்டே வந்து கம்பியைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அது என்ன சைசுத்தா?" என்றார்.

"ஒங்க குதிரைய ஒங்க நூலால அளக்கணும்ண்ணே" என்றாள்.

பங்குனிக் கடைசியில் பழனிக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் குதிரை ஏற்றும் வண்டியோடு வந்துவிட்டார். மகள் அப்போது செவலை மேல் ஏரிச் சாலையில் வந்துகொண்டிருந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள், நான் வாங்கிக் கொடுத்தது. வார் தொய்ந்து கிடந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வேன் கடந்துபோனது. செவலையின் காது மட்டும் திரும்பியது.

பழனிக்காரர் என் பக்கம் வந்து நின்றார். "ஆளத் தள்ளுதுன்னு சொன்னாகளே, பெரியவரே. இதையா குடுக்கப் போறீக?"

"ஆமா, அப்படித்தான் சொன்னோம்."

"இப்ப என்ன சொல்றீக?"

அதற்குள் மகள் இறங்கி வந்துவிட்டாள். செவலையின் கழுத்தில் கை இருந்தது. "குடுக்கலண்ணே. மலையேறி வந்துட்டீங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். போனில் அவரிடம் விற்கலாம் என்று சொன்னவன் நான்தான். நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டார். வெறும் வண்டியோடு இறங்க மனமில்லாமல் பெருமாள்மலையில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

சித்திரையில் சீசன் தொடங்கியது. சவாரிக்கு வருகிறவர்கள் கையில் கடிவாள வாரைக் கொடுப்பதில்லை என்று மகள் முடிவு செய்துவிட்டாள். பயத்தில் அதைத்தான் பிடித்துத் தொங்குவார்கள். சேணத்தின் முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு தோல் வளையம் தைத்து வைத்தாள். "ஸ்டியரிங் குடுக்க மாட்டீங்களா?" என்று ஒரு மதுரைக்காரர் கேட்டார். "பிரேக்கு, ஸ்டியரிங் ரெண்டும் எங்கிட்டதான் சார். நீங்க பாசஞ்சர்" என்றாள்.

முதல் நாள் காலையிலிருந்து நான் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செவலை மேல் ஒன்பது பேர் ஏறினார்கள். ஒன்பது பேரும் தாங்களாகவே இறங்கினார்கள்.