குடைக்காரர் சிக்னல் எது?

என் அக்காள் வீட்டுக்காரர் போக்குவரத்துக் காவலர். அத்தானுக்கு அரசாங்கம் தொப்பி கொடுத்தது, விசில் கொடுத்தது, வெள்ளைக் கையுறை கொடுத்தது. குடை மட்டும் கொடுக்கவில்லை. வெயிலில் நின்று மண்டை காய்ந்து வீட்டுக்கு வரும் மனிதர் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். பொறுத்துப் பார்த்த அக்காள், ஒரு ஐஸ்கிரீம் கடையில் கழித்துப் போட்ட பெரிய சிவப்புக் குடையை வாங்கி வந்து, கிழிசலைத் தைத்து, இரும்புத் தண்டில் மாட்டிக் கொடுத்தாள். நான்கு சாலைகள் கூடும் இடத்தில் அதன் கீழே அத்தான் நின்றார். ஊர் சும்மா இருக்குமா? அந்த இடத்துக்குக் 'குடைக்காரர் சிக்னல்' என்று பெயர் வைத்துவிட்டது.

அத்தான் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார். அலுவலகக் கணக்கில் அந்தச் சந்திப்புக்கு ஓர் எண் உண்டு, அதைத்தான் சொல்வார். "என் பேர நானே எப்படி மச்சான் சொல்லிக்கிறது? கூச்சமா இருக்காதா?" என்பார். உள்ளுக்குள் மனிதருக்கு ஒரே பூரிப்பு.

அக்காளுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. அவள் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களைத் தெருவாரியாகப் பிரிப்பவள். ஊரார் எல்லாரும் சேர்ந்து எழுதும் வரைபடம் ஒன்று இணையத்தில் இருப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் அதில் பெயர் எழுதலாம், அடுத்தவர் எழுதியதை அழிக்கலாம். ஆளாளுக்கு நாட்டாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் புருஷன் பெயரை ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்தவள், சந்திப்பில் நின்ற ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் 'குடைக்காரர் சிக்னல்' என்று எழுதி வைத்தாள்.

மறுநாளே வினை வந்தது. அந்த வரைபடத்தை வைத்து ஓட்டும் டாக்ஸிக்காரர்களின் போன், கம்பத்துக்குக் கம்பம் அதே பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒருவர் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, "சார், நாலு குடைக்காரர் இருக்கறதா போன் சொல்லுது. நீங்க எத்தனாவது ஆளு?" என்று அத்தானிடமே கேட்டார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

அந்த வரைபடத்தில் 'ஆமை' என்ற புனைபெயரில் ஓர் ஆசாமி உண்டு. யாரென்று தெரியாது, ஊரில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் வந்துவிடுவார். "கம்பத்துக்குப் பெயர் இல்லை, சந்திப்புக்குத்தான் பெயர். நடுவில் ஒரு புள்ளி வைத்து அதில் எழுதுங்கள்" என்று அக்காளுக்கு எழுதினார். அவளும் முணுமுணுத்துக்கொண்டே அப்படியே செய்தாள். அன்றைக்கு அத்தான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, அவள் அடுப்படிக்குப் போனதும் அவளுடைய போனை எடுத்து, விரல்களால் விரித்து விரித்துப் பார்த்தார்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதை ஏன்? அந்தச் சந்திப்பில் கேமரா வைத்த புது விளக்குகள் வந்தன, ஆள் தேவையில்லை என்றார்கள். அத்தானை என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே உள்ள சந்திப்புக்கு மாற்றினார்கள். இங்கே விளக்கு மனசு வைத்தால்தான் எரியும். குடை சொந்தக் குடை, அதனால் அதுவும் கூடவே வந்தது. பெயரும் வந்தது. ஆனால் பழைய இடத்தை விட்டும் அது போகவில்லை. பாதி ஊர் அதைக் குடைக்காரர் சிக்னல் என்றது, மீதி ஊர் இதைச் சொன்னது. எனக்கு வழி சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிப்போயிற்று. ஒரு பெரியவர் பழைய சிக்னலில் வெகுநேரம் அலைந்துவிட்டு வந்து, "கண்ணு தெரியலன்னுதானே உங்க கடைக்கு வர்றோம்? இப்படியா தேட விடுவீங்க?" என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்.

யாரோ ஒருவர் வரைபடத்தில் புது இடத்துக்கும் அதே பெயரை எழுதினார். அக்காள் உடனே அழித்தாள். "ஒரே பேரு ரெண்டு இடத்துக்கு எப்படிடா இருக்கும்? பழைய இடம்தான் ஒரிஜினல்" என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பிறகு ஒரு நாள், விளக்கு அணைந்து கிடந்த மத்தியானத்தில், வேன் ஒன்று திரும்பிய வேகத்தில் பூட்டுக்காரரைச் சாய்த்துவிட்டது. சைக்கிளில் சாவிக்கொத்துகளைக் கட்டித் தொங்கவிட்டு, தெருத்தெருவாகப் பூட்டு ரிப்பேர் செய்து வந்தவர் அவர். முழங்கால் சக்கரத்தின் அடியில் போய்விட்டது. சாவிகள் சாலையெங்கும் சிதறின. அத்தான் குடையைத் தண்டிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்து, அவர் மேல் வெயில் படாமல் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, சந்திப்பின் எண்ணைச் சொன்னார்.

"அந்த நம்பர் எங்க மேப்ல இல்ல சார். எல்லாரும் சொல்ற பேரு எதாவது இருக்கா?" என்று மறுமுனையில் ஒரு பெண் கேட்டது என் காதிலும் விழுந்தது.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, "குடைக்காரர் சிக்னல்" என்றார்.

சைரன் சத்தம் கேட்டது. தூரத்தில் கேட்டது, அங்கேயே சுற்றிச் சுற்றிக் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. வண்டி பழைய சிக்னலில் போய் நிற்கிறது என்று புரிந்தபோது அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி போன் செய்து, என் கடைப் பெயரைச் சொல்லி, பக்கத்துச் சினிமா தியேட்டரைச் சொல்லி, ஒரு வழியாக வரவழைத்தோம்.

கால் பிழைத்தது. முழங்கால் மடங்கவில்லை. "சீக்கிரம் வந்திருந்தா நல்லா ஆகியிருக்குமோ என்னவோ, சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஆகியிருக்கும் என்றிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம், ஆகியிருக்காது என்றிருந்தால் ஆறியிருக்கலாம். அந்த 'என்னவோ' அத்தானைத் தூங்கவிடவில்லை. இன்னொருவர் விழுந்தால் இன்னொரு முறையும் இதே கதிதானே என்று புலம்பினார். "என் பேர அழிச்சிடு" என்று அக்காளிடம் கெஞ்சினார்.

அவள் அழித்தாள். மறுநாள் ஆமை திரும்ப எழுதிவிட்டார்: "மக்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்?" 'பழைய', 'புதிய' என்று சேர்த்துப் பார்த்தாள். "அப்படி யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?" என்றார் ஆமை. கேட்டதில்லை. சரி, இரண்டு இடத்திலும் இருக்கட்டும் என்று விட்டால், ஆம்புலன்ஸ் எங்கே போகும்? எனக்கு அந்த ஆமை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆள் சொல்வதெல்லாம் நியாயமாக வேறு இருந்து தொலைத்தது.

கடைசியில் அத்தான் குடையை மடக்கி என் கடைக்குள் சாய்த்துவிட்டு வெறும் வெயிலில் போய் நின்றார்.

"வெயில்ல நின்னு செத்தா போகப் போறீங்க?" என்று அக்காள் கடை வாசலிலேயே சண்டைக்கு வந்தாள்.

"பேரு சாகட்டும். அது செத்தா போதும்."

பெயர் சாகவில்லை. "குடைக்காரர் இன்னிக்குக் குடை இல்லாம நிக்கிறாரு பாரு" என்றார்கள். மனிதர் கறுத்துச் சுருங்கிப் போனதுதான் மிச்சம்.

சில மாதம் கழித்துப் பூட்டுக்காரர் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். இனி சைக்கிள் மிதிக்க முடியாது, ஓரிடத்தில் உட்கார்ந்துதான் பிழைக்க வேண்டும். இந்த நடைபாதை ஓரத்தில் பெட்டியை வைத்துக்கொள்ளட்டுமா என்று அத்தானிடம் கேட்டார்.

"இங்கயா? விழுந்த இடத்துலயேவா?" அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விழுந்ததாலதான் சார் இங்க என்னை எல்லாருக்கும் தெரியும்."

அத்தான் கடைக்குள் வந்தார். சிவப்புக் குடையை எடுத்துப்போய் அந்தப் பெட்டிக்கு மேலே விரித்து நட்டார். தான் தொப்பியோடு சந்திப்பின் நடுவே போய் நின்றுகொண்டார். அக்காள் வேறு குடை வாங்கித் தருகிறேன் என்றாள், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

நாங்கள் யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு நாள் என் கடைக்கு வந்த பெண் போனில் யாரிடமோ, "பூட்டுக்காரர் சிக்னல்ல இறங்கு" என்றாள். நான் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் ஒரு டாக்ஸிக்காரரும் சொன்னார். அக்காள் இந்த முறை அவசரப்படவில்லை. கூரியர் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் வாயைக் கிளறி, அவர்களாகச் சொல்லக் கேட்டபின்தான், சந்திப்பின் நடுவே ஒரே ஒரு புள்ளி வைத்து எழுதினாள். ஆமை மறுப்புச் சொல்லவில்லை. வரைபடத்தில் குடைக்காரர் பழைய இடத்தில் மட்டும் நின்றார்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அத்தானிடம் சொன்னாள். "அப்பாடா" என்றார். அதற்குப் பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று எங்களுக்குத் தெரியவில்லை, கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

போன வாரம் என் கடை வாசலில் ஓர் அம்மாள் மயங்கி விழுந்தார். போனை எடுத்தவர் பூட்டுக்காரர். "பூட்டுக்காரர் சிக்னல்ங்க. ஆமா, நான்தான் பூட்டுக்காரர்" என்று சத்தம் போட்டுச் சொன்னார், துளிக் கூச்சமில்லை. சைரன் தூரத்தில் கேட்டது. அத்தான் நடுச்சாலையில் கைகளை விரித்து எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சத்தம் எங்கும் சுற்றவில்லை, நேரே எங்களிடம் வந்தது.

வண்டி போனபின் அத்தான் வந்து பெட்டியருகே பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"சார், பொண்ணு தன் ஊரோட வந்துடச் சொல்றா" என்றார் பூட்டுக்காரர், ஏதோ சாவியை அராவிக்கொண்டே. "நான் போயிட்டா இங்க மறுபடி குழப்பமாயிடுமோன்னுதான் யோசனை."

அத்தான் அவருடைய மடங்காத முழங்காலின் மேல் கையை வைத்தார். அதை அவர் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"எங்கயும் போயிடாதீங்க" என்றார். "பேருக்காகச் சொல்லல."